ஒரு சார்ஜுக்கு எவ்வளவு?

மின்சார வண்டிக்கு சார்ஜ் ஏற்றிக் கொடுத்துக் காசு வாங்குகிற தொழில் நேற்று முளைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு வயது 125க்கு மேல் ஆகிறது. அந்தத் தொழிலைப் பிறந்த நாளிலிருந்து விடாமல் துரத்துகிற கேள்வி ஒன்று உண்டு. வாடிக்கையாளரிடம் விற்பது என்ன? யூனிட்டா, நேரமா, வண்டி ஓடுகிற தூரமா, இல்லை செய்து கொடுக்கிற வேலையா?

மின்வாரியத்தில் வருவாய்ப் பிரிவில் 33 வருடம் இருந்தவன் நான். இப்படி ஒரு கேள்வி அங்கே எழுந்ததே இல்லை. மீட்டர் ஓடும், ரீடிங் எடுப்போம், வெள்ளை அட்டையில் எழுதுவோம், முடிந்தது. இந்த வயதில் இதைப் பற்றி யோசிக்க வைத்தவன் என் தங்கை மகன். அவனும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து திண்டிவனம், விழுப்புரம் பக்கம் நெடுஞ்சாலை ஓட்டல் வாசல்களில் கார் சார்ஜர்கள் வைக்கிறார்கள். எந்த இடத்தில் சார்ஜர் இருக்கிறது, காலியாக இருக்கிறதா என்று பார்க்கவும், முன்பதிவு செய்யவும், பணம் கட்டவும் ஒரு வலைத்தளம் வடிவமைத்துக்கொண்டிருக்கிறார்கள். "மாமா, தமிழ்ப் பக்கத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துக் கொடுங்க" என்று அச்செடுத்துக் கொண்டுவந்தான். பதினேழு தாள். எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொண்டே போனேன். 'விலை' என்று போட்டிருந்த கட்டம் மட்டும் எல்லாத் தாளிலும் காலி.

ஏன் என்று கேட்டேன். மூன்று பங்காளிக்கும் மூன்று அபிப்பிராயமாம். ஒருவர் யூனிட் கணக்கு என்கிறார். ஒருவர் நிமிடக் கணக்கு என்கிறார். மூன்றாமவர், முதலில் 1,000 ரூபாய் கட்டி வாலட்டில் போடச் சொல்ல வேண்டும், பிறகு அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்கிறார். என் தங்கையின் நகை வங்கியில் இருக்கிறது. அதனால் இது எனக்கு வெறும் இலக்கணத் திருத்தமாக இல்லாமல் போனது. கொஞ்சம் படித்தேன், பழைய ஞாபகங்களையும் கிளறினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் வயதுக்காரர்களுக்கு பேட்டரி சார்ஜ் கடை நினைவிருக்கும். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒன்று இருந்தது. லாரி பேட்டரி, டிராக்டர் பேட்டரி, கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்காரரின் பேட்டரி எல்லாம் மரப்பலகையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒன்றோடொன்று கம்பியால் கோத்திருப்பார்கள். மூடிகளைத் திறந்து வைத்திருப்பதால் நுரை பொங்குகிற சத்தமும், மூக்கைத் துளைக்கிற ஆசிட் நெடியும் இருக்கும். ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் உரியவர் பெயர். கடைக்காரர் கண்ணாடிக் குழாயால் ஆசிட்டை உறிஞ்சி, உள்ளே மிதக்கிற அளவுகோலைப் பார்த்து "ஆயிடுச்சு" என்பார். ஒரு பேட்டரிக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை யூனிட் ஏறியது என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. மாவு மில்லில் படிக்கு இவ்வளவு என்று கொடுக்கிறோமே, அதுபோலத்தான். மில்காரர் மின்சாரத்தை விற்கவில்லை, அரைத்துக் கொடுக்கிறார். இந்த மாவு மில்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சட்டம் பேசும்போது தேவைப்படும்.

பிரான்ஸ் நாட்டு கஸ்தோன் பிளாந்தே 1859ல் ஈய பேட்டரியை உருவாக்கினார். அதை வைத்து ஊருக்குள் வண்டி ஓட்டிக் காசு பார்க்கலாம் என்று துணிந்தவர்கள் பிலடெல்பியாவைச் சேர்ந்த மாரிஸ், சாலம் என்ற இருவர். அவர்களுடைய மின்சார வாடகை வண்டிகள் 1897ல் நியூயார்க் தெருக்களில் ஓடின. அதே வருடம் லண்டனில் வால்டர் பெர்சி என்பவரின் மின்சார வாடகை வண்டிகளும் வந்தன. அவை எழுப்பிய ரீங்காரத்தால் ஜனங்கள் அவற்றுக்குத் தேன்சிட்டு என்று பெயர் வைத்தார்கள். நியூயார்க்கில் வண்டி சார்ஜ் ஆகும்வரை காத்திருக்கவில்லை. கொட்டகைக்குள் வண்டி நுழைந்ததும், ஆள் தூக்க முடியாத எடையுள்ள பழைய பேட்டரித் தொட்டியை இயந்திரத்தால் இழுத்துவிட்டு, சார்ஜான இன்னொன்றை உள்ளே தள்ளிச் சில நிமிடங்களில் அனுப்பிவிடுவார்கள். இன்றைக்கு பேட்டரி மாற்று நிலையம் என்று புதுமையாகப் பேசுகிறோமே, அதேதான். பயணிக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. அவர் கொடுத்தது சவாரிக்கான காசு.

1900ல் அமெரிக்காவில் தயாரான மோட்டார் வண்டிகளின் கணக்கைப் பார்த்தால் நம்பக் கஷ்டமாக இருக்கும். நீராவி 1,681. மின்சாரம் 1,575. பெட்ரோல் வெறும் 936. அப்படியானால் சொந்தமாக மின்சார வண்டி வைத்திருந்தவர் வழியில் எங்கே சார்ஜ் போடுவது? தீயணைப்புக்குத் தண்ணீர் எடுக்கத் தெருவோரம் நிற்கிற குழாய் மாதிரி, காசு போட்டால் மின்சாரம் தருகிற தூண் ஒன்றை அந்தக் காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள். எலெக்ட்ரன்ட் என்று பெயர். செயலி இல்லை, கடவுச்சொல் இல்லை, வாலட்டும் இல்லை. ஆனால் அது தெருத்தெருவாகப் பரவவில்லை. பேட்டரிக்கு வேண்டியது நேர் மின்னோட்டம். ஊர்களிலோ மாறு மின்னோட்டம் பரவிக்கொண்டிருந்தது. ஆகவே மாற்றிக் கொடுக்க ஒரு கருவி வேண்டும். பாதரச ஆவி நிரம்பிய கண்ணாடிக் குடுவை ரெக்டிபயர் வந்த பிறகு, வசதியுள்ளவர்கள் வண்டிக் கொட்டகையிலேயே வைத்துக்கொண்டார்கள். நீல ஒளியோடு பேய் மாதிரி எரியும். வசதியில்லாதவர் ஊருக்குள்ளேயே சுற்ற வேண்டியதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த கதை கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டு நகர மின்சார நிறுவனத்தினுடையது. நம் வாரியம் மாதிரி அதுவும் மின்சாரம் விற்கிற ஸ்தாபனம்தான். மின்சார லாரி வாங்க வியாபாரிகள் ஏன் தயங்குகிறார்கள் என்று பார்த்தால், பயமெல்லாம் பேட்டரியின் மேல். எத்தனை வருடம் உழைக்கும், கெட்டால் யார் பொறுப்பு, சார்ஜ் ஆகும்வரை சரக்கு நிற்குமா? ஆகவே ஒரு வழி செய்தார்கள். லாரியைத் தயாரிப்பாளரிடம் பேட்டரி இல்லாமலே வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரி எங்களுடையது, தீர்ந்தால் வந்து மாற்றிக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்தவும் பராமரிக்கவும் மாதம் ஒரு கட்டணம். அதற்கு மேல் ஓடிய மைலுக்கு இவ்வளவு. இந்தச் சேவை 1910 முதல் 1924 வரை நடந்தது. அந்த லாரிகள் ஓடியது மொத்தம் 60 லட்சம் மைலுக்கு மேல்.

வருவாய்ப் பிரிவுக்காரன் கண்ணுக்கு இது எப்படித் தெரிகிறது தெரியுமா? நிலைக்கட்டணம் ஒன்று, பயன்பாட்டுக் கட்டணம் ஒன்று. நாம் வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் போடுகிற அதே அமைப்பு. ஆனால் அவர்கள் அதை மின்சாரத்தின் மொழியில் சொல்லவில்லை. ரொட்டிக் கடைக்காரருக்கும் கரி வியாபாரிக்கும் யூனிட் என்றால் தலைவலி, மைல் என்றால் புரியும். அவருக்குப் புரிகிற அலகில் விலையைச் சொல்லிவிட்டு, அதை யூனிட்டாக மாற்றுகிற தொல்லையையும் நஷ்ட ஆபத்தையும் நிறுவனம் தன் தலையில் ஏற்றிக்கொண்டது. என் மருமகனுக்கு முதலில் சொன்ன கதை இதுதான்.

பிறகு நடந்தது நமக்குத் தெரிந்ததே. 1912ல் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடி சுற்றுகிற சிரமம் போனது. எண்ணெய் மலிந்தது, ஊருக்கு வெளியே சாலை நீண்டது, கிராமத்தில் மின்சாரம் இல்லை. மின்சாரக் கார் ஓரம் கட்டப்பட்டது. சென்னையில் 1895லேயே மின்சார டிராம் ஓடியதே என்று சிலர் கேட்கக்கூடும். அது கம்பியிலிருந்து நேரடியாக மின்சாரம் வாங்கியது, சார்ஜ் என்ற பேச்சே அதில் இல்லை. 1953ல் அதையும் நிறுத்திவிட்டோம்.

ஹார்ட்ஃபோர்டின் யோசனையை நூறு வருடம் கழித்துத் தூசி தட்டியவர் இஸ்ரேலைச் சேர்ந்த ஷாய் அகாசி. 2007ல் பெட்டர் பிளேஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். காரை வாங்குங்கள், பேட்டரி எங்களுடையது, கிலோமீட்டருக்குத் தகுந்தபடி மாதத் திட்டம், வழியில் தீர்ந்தால் நிலையத்தில் பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம். சுமார் 85 கோடி டாலர் திரட்டினார்கள். இஸ்ரேலிலும் டென்மார்க்கிலும் நிலையங்கள் கட்டினார்கள். 2013 மே மாதம் திவால். காரணங்கள் பல. அவர்களுடைய பேட்டரி மாற்றும் முறைக்குப் பொருந்திய கார் ரெனோவின் ஒரே ஒரு மாடல்தான். கார்கள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. ஆள் வராத நிலையத்துக்கும் வாடகை, சம்பளம், வட்டி உண்டு அல்லவா? ஹார்ட்ஃபோர்டில் ஒரே ஊர், தினமும் திரும்பி வருகிற லாரி. இங்கே ஒரு நாடு முழுக்க எப்போதாவது வருகிற கார். என் கண்ணுக்கு வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

பெரிய பணமில்லாமலே இதைச் செய்து காட்டியவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். காத்மாண்டுவில் டீசல் புகை தாங்காமல் 1990களில் மூன்று சக்கர டெம்போக்களை மின்சாரத்துக்கு மாற்றினார்கள். சஃபா டெம்போ என்று பெயர். சஃபா என்றால் சுத்தம். வண்டிக்கு இரண்டு செட் பேட்டரி. ஒன்று ஓடும்போது மற்றொன்று நிலையத்தில் சார்ஜ் ஆகும். பெண்கள் பலர் அதை ஓட்டிப் பிழைத்தார்கள். அங்கேயும் போன தடத்திலேயே வண்டி திரும்பி வரும் என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டில் 2001ல் பெங்களூரிலிருந்து ரேவா வந்தபோது பொதுச் சார்ஜர் என்ற பேச்சு பெரிதாக இல்லை. வீட்டு 15 ஆம்ப் பிளக்கில் ராத்திரி செருகினால் காலையில் தயார். அது வீட்டு மீட்டரில் ஓடியது. (இன்றும் வீட்டில் ஸ்கூட்டருக்கு சார்ஜ் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் நம் மாநிலத்தில் கட்டண வரிசையே மாறிவிடும். ஸ்கூட்டரின் மேல் பழி போடாதீர்கள், ஏசியையும் பாருங்கள்.)

பொது இடத்தில் சார்ஜர் வைக்கலாம் என்றபோது சட்டம் குறுக்கே வந்தது. மின்சாரச் சட்டம் 2003ன்படி உரிமம் இல்லாமல் மின்சாரத்தை விநியோகிக்கவோ வியாபாரம் செய்யவோ முடியாது. ஓட்டல்காரர் தன் இணைப்பிலிருந்து கார்காரருக்கு மின்சாரம் கொடுத்துக் காசு வாங்கினால் அது விற்பனைதானே? வாரியத்தில் நாங்கள் இதற்கு அபராதம் போட்டிருப்போம். 2018 ஏப்ரல் 13 அன்று மத்திய மின்துறை அமைச்சகம் ஒரு விளக்கம் கொடுத்தது. சார்ஜ் நிலையம் மின்சாரத்தைத் தானே உபயோகித்து ஒரு சேவை செய்கிறது, அது விநியோகமும் அல்ல, வியாபாரமும் அல்ல, ஆகவே உரிமம் வேண்டாம். அதாவது மாவு மில்! சொன்னேனல்லவா. இன்று நெடுஞ்சாலையில் நீங்கள் பார்க்கிற சார்ஜர்களுக்கெல்லாம் கதவைத் திறந்தது அந்த விளக்கம்தான்.

திறந்த கதவுக்குப் பின்னால் ஒரு சிக்கலும் வந்தது. மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, சேவைக்கு உண்டு. மைசூரு மின் விநியோக நிறுவனம் கேட்ட கேள்விக்கு 2023ல் கர்நாடக முன்தீர்ப்பு ஆணையம் சொன்ன பதில், சார்ஜ் ஏற்றுவது சேவை, 18 சதவீதம் வரி உண்டு என்பது. 2019 ஆகஸ்டிலிருந்து மின்சார வண்டிக்கு 5 சதவீதம், சார்ஜர் கருவிக்கும் 5 சதவீதம். வண்டிக்கும் கருவிக்கும் 5, ஓட்டுவதற்கு 18. உரிமத்துக்காகச் சேவை என்று சொன்னார்கள், அதே வார்த்தையைப் பிடித்து வரி வந்து உட்கார்ந்தது. இதில் யாரையும் குறை சொல்ல முடியவில்லை, இரண்டு இடத்திலும் தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வலைத்தளத்தில் பெரிய எழுத்தில் ஒரு விலையைப் போட்டுவிட்டு, கடைசித் திரையில் வரியைச் சேர்ப்பது நியாயமில்லை. வரியோடு சேர்ந்த விலையை முதல் திரையிலேயே போடு என்றேன். அதை ஒப்புக்கொண்டார்கள்.

நிமிடக் கணக்கு கேட்ட பங்காளிக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் மின் நிறுவனத்தைத் தவிர வேறு யாரும் யூனிட் கணக்கில் விற்கக் கூடாது என்றிருந்தது. அதனால் சார்ஜ் நிலையங்கள் நிமிடத்துக்கு இவ்வளவு என்று வாங்கின. சட்டத்துக்காகச் செய்த அந்த ஏற்பாட்டில் வாடிக்கையாளர்தான் அடிபட்டார். ஒரே சார்ஜரில் 50 கிலோவாட் வாங்குகிற காரும் 25 கிலோவாட் மட்டுமே வாங்குகிற பழைய காரும் நின்றால், பழைய கார்காரர் அதே மின்சாரத்துக்கு இரண்டு மடங்கு நேரம் நிற்பார், இரண்டு மடங்கு கொடுப்பார். போதாததற்கு எந்த பேட்டரியும் 80 சதவீதத்துக்கு மேல் மெதுவாகத்தான் ஏறும். பின்னாளில் கலிபோர்னியா, யூனிட் கணக்கில்தான் காட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. ஐரோப்பாவில் 2024 ஏப்ரலிலிருந்து புதிதாக வைக்கிற வேகமான சார்ஜர்களில், எந்தச் சந்தாவும் இல்லாமல் வருகிறவரும் வங்கி அட்டையைக் காட்டிப் பணம் கட்ட வழி இருக்க வேண்டும், யூனிட் விலை தெரிய வேண்டும். சுற்றிச் சுற்றி, நம் வெள்ளை அட்டைக்குத்தான் உலகம் வந்து சேர்ந்திருக்கிறது. நிமிடக் கணக்குக்கும் ஓர் இடம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். சார்ஜ் முடிந்தபின் காரை எடுக்காமல் ஓட்டலில் காபி குடித்துக்கொண்டிருப்பவரிடம் அதை வசூலிக்கலாம். டெஸ்லா 2016லேயே அப்படிச் செய்தது.

வாலட் விஷயத்தில்தான் பெரிய சண்டை. எனக்கே ஓர் அனுபவம். போன வருடம் காரில் திருச்சி போகும்போது ஒரு சார்ஜரில் முதலில் 500 ரூபாய் வாலட்டில் போடச் சொன்னது. போட்டபிறகு கருவி வேலை செய்யவில்லை. அந்த 500 ரூபாய் இன்னும் அந்தச் செயலியில்தான் பத்திரமாக இருக்கிறது. எடுக்கவும் முடியாது, அந்த வழியில் நான் அடிக்கடி போகிறவனும் இல்லை. "மாமா, முன்பணம் இருந்தாதான் எங்களுக்கு மாசச் செலவு தாங்கும்" என்றான் இவன். அவன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஒரு வண்டியும் வராவிட்டாலும் இணைப்புக்கு நிலைக்கட்டணம், இடத்துக்கு வாடகை கட்டியாக வேண்டும். "அதுக்கு வழிப்போக்கன் காசை ஏண்டா புடிச்சு வைக்கணும்? யுபிஐயிலயே வழி இருக்கே" என்றேன். 2018 ஆகஸ்டில் வந்த யுபிஐயின் இரண்டாம் பதிப்பில், ஒரு தொகையை நம் கணக்கிலேயே நிறுத்தி வைத்து, முடிந்தபின் ஆன தொகையை மட்டும் எடுத்துக்கொள்கிற வசதி இருக்கிறது. பணம் கடைசி நிமிடம்வரை நம் கணக்கில் இருக்கும். அவனுடைய கணினி நண்பர் இரண்டு நாள் கழித்து அது முடியும் என்று சொன்னார்.

கருவி வேலை செய்கிறதா என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாமாம். நெதர்லாந்தின் மின்கம்பி நிறுவனங்கள் 2009 வாக்கில் சேர்ந்து தொடங்கிய அமைப்பு ஒன்று ஓசிபிபி என்ற பொது மொழியை உருவாக்கியது. யார் தயாரித்த சார்ஜராக இருந்தாலும், நான் காலி, நான் வேலையில் இருக்கிறேன், எனக்குக் கோளாறு என்று மையக் கணினிக்கு அதே மொழியில் சொல்லும், மீட்டர் ரீடிங்கையும் அனுப்பும். ஆனால் காலி என்று சொல்கிற கருவி எல்லாம் வேலை செய்யும் என்பதில்லை. செருகியே பார்க்காத நோயும் உண்டு. அதனால் 'காலி' என்ற பச்சை விளக்குக்குப் பக்கத்தில், இங்கே கடைசியாக ஒரு கார் வெற்றிகரமாக சார்ஜ் ஆன நேரத்தையும் போடச் சொன்னேன். நேற்று ராத்திரி 9:40 என்று இருந்தால் தைரியமாகப் போகலாம். நாலு நாளுக்கு முந்தைய தேதி என்றால் நாமே யோசித்துக்கொள்வோம்.

ரசீதுக்கு வெள்ளை அட்டையையே மாதிரியாகக் கொடுத்தேன். தொடக்க ரீடிங், முடிவு ரீடிங், யூனிட், விலை, வரி, மொத்தம், தேதி. பிளக்குகளுக்குப் பெயரோடு படமும் கேட்டேன். சிசிஎஸ்-2 என்றால் எழுபது வயதுக்காரருக்கு என்ன தெரியும்? படத்தைப் பார்த்தால் தன் காரில் இருப்பது இதுதானா என்று தெரிந்துவிடும். 'செஷன்' என்று எழுதியிருந்ததை 'ஒரு தடவை சார்ஜ்' என்று மாற்றினேன். 'அமர்வு' என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார், பட்டிமன்றம் மாதிரி இருந்தது.

மாதச் செலவுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு ஹார்ட்ஃபோர்டுதான் கை கொடுத்தது. தினமும் அதே வழியில் போய் வருகிற டாக்சிக்காரர்களுக்கு மட்டும் மாதம் ஒரு நிலையான தொகை, அதற்குப் பதிலாகக் குறைந்த யூனிட் விலை, அதிகாலையில் ஒரு சார்ஜர் அவர்களுக்கு ஒதுக்கீடு. வழிப்போக்கர்களுக்கு வாலட்டும் இல்லை, சந்தாவும் இல்லை. வாலட் பங்காளி அரைமனதாகச் சம்மதித்திருக்கிறார். அந்த மாதத் தொகை எவ்வளவு என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. செங்கல்பட்டிலிருந்து இரண்டு டாக்சிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.